தலைமுடிக்கு இஸ்திரி

சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும் என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் முடியைக் கண்டு முகம் சுளித்தபோது, பெண் வீட்டுப் பாட்டி ஒருத்தி சமயோசிதமாகக் கட்டிவிட்ட பழமொழியோ என்னவோ! அமெரிக்காவில் இந்தப் பழமொழி செல்லுபடியாகாது. அங்கே கறுப்பினப் பெண்கள் பலருக்குச் சுருட்டை முடி சோறு போடவில்லை. கிடைக்க இருந்த சோற்றிலும் மண்ணைப் போட்டிருக்கிறது. கதை எழுதுகிறவன் மிகைப்படுத்துகிறான் என்று நினைக்க வேண்டாம். கோர்ட்டுத் தீர்ப்புகளே இருக்கின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இந்த விஷயத்தை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு விருந்து காரணம். அமெரிக்கா போயிருந்தபோது நியூஜெர்ஸியில் ஒரு தமிழன்பர் வீட்டில் சாப்பிட்டேன். வந்திருந்தவர்களில் ஓர் அம்மாள் ஏதோ ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பகுதியில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர். பேட்டிக்கு வந்த ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். "படிப்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, சார். ஆனால் தலையைப் பார்க்கணுமே! கொஞ்சம் சூடு காட்டி நேராக்கிக்கொண்டு வந்திருந்தால் எவ்வளவு நீட்டாக இருந்திருக்கும்! அதற்குத்தான் இத்தனை கருவிகள் இருக்கின்றனவே" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் பொங்கிவிட்டார். "சீப்பைக் காய்ச்சித் தலையில் வைத்துக்கொள்வதே அடிமைப் புத்தி, அம்மா! வெள்ளைக்காரியைப் போல் ஆக வேண்டும் என்கிற ஆசை. முடியை இயற்கையாக விடுகிறவளுக்குத்தான் சுயமரியாதை உண்டு" என்றார். மேஜையில் பாதிப் பேர் அம்மாள் கட்சி; பாதிப் பேர் பேராசிரியர் கட்சி. ரசம் ஆறிப்போயிற்று.

இரண்டு கட்சியும் தப்பு என்பது என் அபிப்பிராயம். அன்று விருந்தாளியாக இருந்ததால் அடக்கி வாசித்தேன். இங்கே அந்த நிர்ப்பந்தம் இல்லை.

முதலில் முடி என்பது என்ன என்று பார்த்துவிடலாம். தோலுக்கு மேலே தெரிகிற முடிக்கு உயிர் கிடையாது. வேரில்தான் உயிர். மேலே இருப்பது கெராட்டின் என்கிற புரதம். நகத்துக்கும் அதுதான் மூலப்பொருள். உயிரில்லாததால் கெட்டுப்போன முடி தானாகக் குணமாவதுமில்லை; தைலத்தால் குணமாவதுமில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் புது முடி வளர்ந்து வரவேண்டும், பழையதை வெட்டி எறிய வேண்டும், அவ்வளவுதான். சீசாவின் மேல் 'பழுதை அடியோடு நீக்கும்' என்று அச்சடித்து விற்கிற புண்ணியவான்கள், செருப்புக்குப் பாலிஷ் போட்டுவிட்டு மாட்டுக்கு வைத்தியம் பார்த்ததாகச் சொல்லுகிறவர்கள்.

இந்தப் புரத இழைகளை இரண்டு தினுசான பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று கந்தகப் பிணைப்பு; இரும்புப் பிடி. கடுமையான ரசாயனத்துக்குத்தான் அது மசியும். மற்றது ஹைட்ரஜன் பிணைப்பு, இளகிய மனசு. தண்ணீர் பட்டால் விடும், காய்ந்தால் பற்றிக்கொள்ளும். சூடு பட்டால் விடும், ஆறினால் அந்த நிலையிலேயே பற்றிக்கொள்ளும். பருத்தி வேட்டியில் இஸ்திரிப் பெட்டி செய்கிற காரியமும் இதேதான். இஸ்திரி போட்ட வேட்டி ஒரு தூறலில் கசங்கிப்போவதுபோல், சூட்டுச் சீப்பால் நீண்ட முடியும் ஈரம் பட்டதும் பழையபடி சுருண்டுகொள்கிறது. அப்படிச் சுருண்டுகொள்கிற வரைக்கும் முடி சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

சூடு எல்லை மீறும்போதுதான் விபரீதம். அப்போது பிணைப்பு மட்டுமல்ல, புரதமே வெந்துவிடுகிறது. வெந்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க யாரால் முடியும்? வெந்த முடியை நனைத்தால் அது சுருளாது. ஈர நூல்போல் தொங்கும். ஈர முடியில் காய்ந்த இரும்பை வைப்பது அதைவிட மோசம். உள்ளே இருக்கிற நீர் ஆவியாகிப் பொங்கி முடிக்குள்ளேயே கொப்புளம் கிளப்பிவிடுகிறது. வைத்தியர்கள் இதைக் 'குமிழி முடி' என்கிறார்கள். கொப்புளம் உள்ள இடத்தில் முடி பட்டென்று ஒடியும்.

எல்லார் முடிக்கும் இதுதான் கதி என்றாலும், ஆப்பிரிக்க வம்சத்தாரின் முடிக்கு ஆபத்து அதிகம். அந்த முடியின் குறுக்கு வெட்டு வட்டமாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது. வேரே வளைந்திருப்பதால் முடி ஸ்பிரிங் மாதிரி சுற்றிக்கொண்டு வளர்கிறது. ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். தலைத் தோலில் ஊறுகிற எண்ணெய் நேரான முடியில் நுனிவரை வழுக்கிக்கொண்டு இறங்கும். இத்தனை வளைவுகளில் அதனால் இறங்க முடியாது. ஆகவே நுனி எப்போதும் வறண்டிருக்கும். இரும்புபோல் முரட்டுத்தனமாகத் தோன்றுகிற அந்த முடிதான் உண்மையில் பட்டுப்போல் பாதுகாக்க வேண்டியது. விஷயம் தெரியாதவன் தோற்றத்தைப் பார்த்து அதிகச் சூடு வைக்கிறான்.

இனி பேராசிரியருக்கு வருகிறேன். சூட்டுச் சீப்பு வெள்ளைக்காரியைக் காப்பியடிக்கக் கறுப்பினத்தார் கண்டுபிடித்த சாதனம் என்று அவர் நினைக்கிறார்போல் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முடிக்குச் சூடு வைத்துக்கொண்டிருந்தார்கள். மார்ஸல் கிராத்தோ என்கிற பாரிஸ் நாவிதர் காய்ச்சிய இடுக்கியால் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் நேர்முடியை அலை அலையாக வளைத்துப் பேர் வாங்கியது 1870களில். அவர்கள் வளைத்தால் அலங்காரம், இவர்கள் நீட்டினால் அடிமைப் புத்தியா?

சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் என்று பலரும் தவறாகச் சொல்லுகிற மேடம் ஸி. ஜே. வாக்கரின் கதையையும் அவர் படிக்க வேண்டும். ஸாரா பிரீட்லவ் என்பது இயற்பெயர். 1867-ல் லூயிஸியானாவில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். ஏழு வயதில் அநாதை, பதினாலில் கல்யாணம், இருபதில் கைம்பெண். துணி வெளுத்துப் பிழைத்தார். தலைமுடி கொட்டிப்போன வேதனையில் மருந்து தேடி, ஆனி மலோன் என்கிற மற்றொரு கறுப்பின அம்மாளின் சரக்கை வீடு வீடாக விற்று, பிறகு தாமே களிம்பு தயாரித்து, 1910-ல் இண்டியானாபோலிஸில் தொழிற்சாலை வைத்தார். சீப்பு அவர் முறையில் ஓர் அங்கந்தான். தம்மை 'முடி நீட்டுகிறவள்' என்று சொல்வதை அவர் விரும்பவில்லை, முடி வளர்க்கிறவள் என்றுதான் சொல்லிக்கொண்டார். வெள்ளைக்காரர் வீட்டுப் பாத்திரமும் துணியும் கழுவுவதைத் தவிர வேறு வேலையே கிடைக்காத பெண்கள் ஆயிரக்கணக்கில் அவரிடம் தொழில் கற்றுச் சொந்தக் காலில் நின்றார்கள். 1919-ல், தாம் சாவதற்குச் சற்று முன்னால், கறுப்பினத்தாரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையை எதிர்த்த நிதிக்கு 5,000 டாலர் கொடுத்தார். இது அடிமைப் புத்தியானால், அப்படிப்பட்ட புத்தி நமக்கும் கொஞ்சம் வரட்டும்.

வைத்தியர்களும் சும்மா இருக்கவில்லை. 1968-ல் தோல் வைத்தியர்கள் மூவர், கறுப்பினப் பெண்களுக்கு உச்சந்தலையிலிருந்து வட்டமாக முடி கொட்டித் தழும்பாகிற ஒரு நோய்க்குச் 'சூட்டுச் சீப்பு வழுக்கை' என்றே பெயர் வைத்தார்கள். உருகிய எண்ணெய் முடி வழியே ஓடி வேரைச் சுட்டுவிடுகிறதாம். (மூவரில் ஒருவர் ஆல்பர்ட் கிளிக்மன். பிலடெல்பியா ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் வருஷக்கணக்காகப் பரிசோதனைகள் நடத்தியவர்; கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தார். கறுப்புத் தோலின் பேரில் அவருக்கு இருந்த அக்கறை அப்படிப்பட்டது!) சீப்பையே தொடாத பெண்களுக்கும் அதே நோய் வந்தது. 1992-ல் வேறு வைத்தியர்கள் சீப்புக்கும் நோய்க்கும் நேர் சம்பந்தம் இல்லை என்று பெயரையே மாற்றினார்கள். 2019-ல், நோய் கண்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கு முடியின் அமைப்பைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றில் பிசகு இருப்பது தெரியவந்தது. சூடும் இறுக்கிப் பின்னுவதும் நோயை முற்றவிடலாம் என்பது வேறு. ஆனால் ஒரு தலைமுறைப் பெண்கள், 'நீயேதான் உன் தலையைப் பொசுக்கிக்கொண்டாய்' என்ற வசவை வாங்கிக் கட்டிக்கொண்டு வைத்தியசாலையிலிருந்து திரும்பியிருக்கிறார்கள்.

சூடு வேண்டாம், ரசாயனம் பூசி ஒரேயடியாக நேராக்கிவிடலாம் என்றால் அது எண்ணெய்ச் சட்டியிலிருந்து தப்பி அடுப்பில் விழுந்த கதை. கந்தகப் பிணைப்பையே அறுக்கிற காரம் தலைத் தோலையும் புண்ணாக்கும். 2022-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், நேராக்கும் ரசாயனச் சரக்குகளை அடிக்கடி உபயோகித்த பெண்களில் நூற்றுக்கு 4 பேருக்கு எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். உபயோகிக்காதவர்களில் அது நூற்றுக்கு 2-க்கும் குறைவு. காரணம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லிவிடவில்லை. ஆனாலும் பலர் சீசாவைத் தூக்கி எறிந்துவிட்டு, தன் சொந்த முடியையே வளர்த்து, வேண்டியபோது மட்டும் சூடு காட்டிக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். புத்திசாலித்தனமான முடிவு.

அதை எப்படிச் செய்வது? பழைய நாளில் சமையலறை அடுப்பில் பித்தளைச் சீப்பைக் காய்ச்சுவார்கள். ஈஸ்டருக்கு முந்தின இரவு பெண் குழந்தைகளை வரிசையாக முக்காலியில் உட்கார வைத்து, காதைப் பிடித்துக்கொள் என்று சொல்லி இழுப்பார்களாம். பிடரியில் மிக இறுகச் சுருளும் முடிக்கே அவர்கள் பேச்சில் 'சமையலறை' என்று பெயர் உண்டு. காய்ந்த சீப்பை முதலில் வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காகிதம் பழுத்தால் ஆறட்டும் என்று காத்திருப்பார்கள். அது பாட்டிமாரின் தெர்மாமீட்டர். இன்று மின்சார இடுக்கி வந்துவிட்டது. சூட்டைத் திருகி வைத்துக்கொள்ளலாம். ஆனால் 230 டிகிரி செல்ஷியஸ் வரை திருகுவதற்கு அதில் இடம் வைத்திருக்கிறார்கள். இருக்கிறதே என்று யாராவது ஸ்டவ்வை முழுக்கத் திறந்து பால் காய்ச்சுவார்களா? பெரும்பாலான தலைகளுக்கு 180 டிகிரியை ஒட்டிய சூடே தாராளம். மெல்லிய முடிக்கு 150 போதும்.

முதலில் முடி சுத்தமாக இருக்க வேண்டும். நாள்பட்ட எண்ணெய்ப் பிசுக்கின் மேல் இரும்பு பட்டால் பிசுக்கு வறுபடும், முடியும் சேர்ந்து வறுபடும். பிறகு சொட்டு ஈரமில்லாமல் காய வேண்டும். கையால் இழுத்துப் பிடித்து மிதமான காற்றில் காயவைத்தாலே பாதிச் சுருள் விட்டுவிடும். இரும்புக்கு மிச்சம் கொஞ்ச வேலைதான். மெல்லிய பிரிவுகளாக வகுந்துகொண்டு, ஒரு பிரிவுக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை நிதானமாக இழுக்க வேண்டும். ஆறு தடவை அவசரமாக இழுப்பது ஆறு மடங்கு கேடு. நுனியில் இரும்பு நிற்கக் கூடாது; தலையிலேயே வயதான பகுதி அது. இரவில் பட்டுத் துணியோ வழுவழுப்பான சாட்டின் தொப்பியோ கட்டிக்கொண்டு படுத்தால் நேராக்கிய முடி பல நாள் நிற்கும். மறுநாள் காலையில் மறுபடி அடுப்பங்கரைக்குப் போக வேண்டாம்.

சூட்டுக் காப்புத் தைலம் என்று ஒன்று விற்கிறது. அது பொய்யல்ல. அதில் இருக்கிற சிலிக்கோன் முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடு ஏறுகிற வேகத்தையும் உராய்வையும் குறைக்கிறது. குறைக்கிறதே தவிரத் தடுப்பதில்லை. குடை பிடித்தால் மழைக்கு நல்லது. குடை பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கு என்கிறார்கள் விளம்பரக்காரர்கள்.

இத்தனை செய்தாலும் முக்கியமானது இடைவெளிதான். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றால் இன்னும் நல்லது. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனிக்கு வயது ஏறக்குறைய இரண்டரை வருஷம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சூடு வைத்தால் அந்த நுனி இதுவரை 65 தடவை சூடு பட்டிருக்கும். ஆபீஸ் நாட்களிலெல்லாம் காலையில் இரும்பை எடுத்தால்? வருஷத்துக்கு 250 நாள் வீதம் 625 தடவை! எந்தத் தைலம் இதற்கு ஈடுகொடுக்கும்?

நியூஜெர்ஸி அம்மாளுக்கு என் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேராக்கிய தலை, புதன்கிழமை வியர்வையிலும் மழை ஈரத்திலும் வேரில் சுருண்டுகொள்ளும். தன் இஷ்டத்துக்குச் சூடு வைக்கிறவள் 'சுருண்டால் சுருளட்டும்' என்று பின்னிக்கொண்டு போய்விடுவாள். வேலைக்காகச் சூடு வைக்கிறவளுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. வியாழக்கிழமைக் காலையில் அவள் இரும்பைக் காய்ச்சியாக வேண்டும். முடியைக் கெடுப்பது சூடு அல்ல, அந்த வியாழக்கிழமை.

சூட்டிலிருந்து முடிக்கு ஓய்வு தருகிற அலங்காரங்கள் அவர்களிடம் ஏராளம். தலையோடு ஒட்டிப் பின்னுகிற வரிப் பின்னல், இரட்டை முறுக்கு, திரித்துவிட்ட சடை, நூல் சுற்றி நீட்டுகிற மேற்கு ஆப்பிரிக்க முறை. நூல் சுற்றினால் சூடே இல்லாமல் முடி நீளும். பாட்டிக்குப் பாட்டி காலத்து வித்தை. வேலைக்கு வைத்தவர்கள் எதைத் தடுத்தார்கள் தெரியுமா? இந்த அலங்காரங்களைத்தான்!

இந்தத் தலைகளின்மேல் அதிகாரிகளுக்கு உள்ள அக்கறை புதிதல்ல. 1786-லேயே லூயிஸியானாவின் ஸ்பானிய கவர்னர் மீரோ, அடிமையல்லாத கறுப்பினப் பெண்கள்கூடத் தலையைத் துணியால் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்களுடைய சிகையலங்காரம் அவ்வளவு அழகாக இருந்ததுதான் குற்றம். 1981-ல் ரெனீ ராஜர்ஸ் என்பவர், வரிப் பின்னலைத் தடுத்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தார். பின்னல் இயற்கையாக வளர்வதல்ல, செயற்கையாகச் செய்துகொள்வது, ஆகவே சட்டப் பாதுகாப்பு இல்லை என்றார் நீதிபதி. அப்படியானால் மற்ற பெண்களின் தலையில் இருந்த சூட்டு அலையும் ரசாயன நேரும் கர்ப்பத்திலேயே வந்தவையா? பின்னலைக் கொண்டையாக்கி அதன்மேல் பொய்முடி வைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தது. அது தலைவலி கொடுக்கிறது என்று அந்தப் பெண் முறையிட்டதற்கு, இன்னும் பெரிய பொய்முடியாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாமே என்ற தோரணையில் தீர்ப்பு போயிற்று.

பொய்முடி என்றதும் நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது ஞாபகத்துக்கு வருகிறது. திருமலையில் வேண்டுதலுக்காக இறக்குகிற முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. தரம் பிரித்து, அலசி, தைத்துக் கப்பலேறுகிற அந்த முடியின் ஒரு பகுதி அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலைக்குப் போய்ச் சேருகிறது. 2009-ல் கிறிஸ் ராக் என்ற ஹாஸ்ய நடிகர் தயாரித்த ஒரு படத்துக்காகத் திருமலைவரை வந்து இதைப் பிடித்துக்கொண்டு போனார். அகந்தை ஒழிய வேண்டும் என்று நாம் மழித்துப் போட்ட முடி, உத்தியோகம் நிலைக்க வேண்டும் என்று அங்கே ஒருத்தியின் தலையில் ஏறுகிறது.

அமெரிக்க ராணுவம் 2014-ல் முறுக்குக்கும் சடைக்கும் தடை போட்டு, கண்டனம் கிளம்பியதும் அதே ஆண்டில் முறுக்கையும், 2017-ல் சடையையும் அனுமதித்தது. துப்பாக்கி பிடிக்கிற ராணுவத்துக்கு வந்த புத்தி கணக்கு எழுதுகிற கம்பெனிகளுக்கு வரவில்லை. அலபாமாவில் மோபைல் நகரத்தில் சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்கு 2010-ல் வேலை தருவதாகச் சொல்லிவிட்டு, சடையை வெட்டினால்தான் என்றார்கள். அவர் வெட்டவில்லை, வேலை போயிற்று. 2016-ல் மேல்கோர்ட்டும் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னது. முடி சுருள்வது பிறவிக் குணம், சடை போடுவது இஷ்டம் என்பது அதன் தர்க்கம்.

2019 ஜூலையில் கலிபோர்னியா முதன்முதலாக இதை எதிர்த்துச் சட்டம் செய்தது. கிரீடம் என்று பொருள்படும்படி அதற்குக் 'கிரவுன்' என்று பெயர். முடியின் இயல்பையும் பின்னல், முறுக்கு, சடை ஆகியவற்றையும் காரணம் காட்டி வேலை மறுப்பது இன வேற்றுமை பாராட்டுவதே என்று அது சொல்கிறது. நியூயார்க்கும் நியூஜெர்ஸியும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தன. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துவிட்டன. நாடு முழுவதற்குமான மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2022 மார்ச்சில் நிறைவேற்றியது. செனட்டில் அது நிறைவேறவில்லை. சட்டம் வந்த இடத்திலும் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. டெக்ஸாஸில் 2023 செப்டம்பரில் சட்டம் அமுலுக்கு வந்தது. அதே சமயத்தில் ஒரு பள்ளிக்கூடம் சடை வைத்திருந்த மாணவன் ஒருவனை வகுப்புக்கு வெளியே உட்கார வைத்தது. சட்டம் சடையைத்தான் அனுமதிக்கிறது, சடையின் நீளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பள்ளிக்கூடத்தார் வாதித்தார்கள். 2024 பிப்ரவரியில் நீதிபதி அதை ஒப்புக்கொண்டார்.